அழகுக்குப் பகையா மட்கார்டு?



சங்கப் பாடல்களின் நயத்தையும் சமுதாயத்தின் சிக்கல்களையும் ஆராயும் இம்மலரில், மோட்டார் சைக்கிளின் மட்கார்டைப் பற்றி எழுத ஒருவன் வந்துவிட்டானே என்று நகைக்க வேண்டாம். மாலையில் நம் விடுதிக்கு முன்னுள்ள வேப்பமரத்தடியில் போய் நின்று பாருங்கள். தமிழ் மாணவர்களின் வண்டிகள் பதினொன்று அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் நான்கிற்கு முன் மட்கார்டு இல்லை. சென்ற ஆண்டு அப்படி ஒரு வண்டிகூட அந்த மரத்தடியில் இருந்ததில்லை. இவ்வாண்டு ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அது என் வண்டி. மார்ச்சில் கழற்றிய மட்கார்டை ஆகஸ்டில் மீண்டும் மாட்டிவிட்டேன். ஏன் கழற்றினாய், ஏன் மாட்டினாய் என்று உணவுக்கூடத்தில் காண்போரெல்லாம் கேட்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். நம் மன்றத்தில் கலைச்சொல் ஆர்வலர் பலர் உளர். ‘சேற்றுக்காப்பு’ என்று எழுதும்படி ஒருவர் கூறினார். ‘சகதிமறைப்பு’ என்றார் மற்றொருவர். சொற்கள் நல்லவையே. ஆனால் கோவில்பட்டியானாலும் காசியானாலும் கடைக்குப் போய், ‘சேற்றுக்காப்பு ஒன்று கொடுங்கள்’ என்றால் கொடுப்பார் இல்லை. ஆகவே மட்கார்டு என்றே எழுதுகிறேன். ஆர்வலர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வண்டி புல்லட். தாய்மாமன் 1994-இல் வாங்கி, முதுகுவலி வந்தபின் எனக்குக் கொடுத்தது. நம்மில் பலர் புல்லட்டை இங்கிலாந்து வண்டி என்றே எண்ணுகிறோம். ஒருவகையில் உண்மைதான். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது, ரெட்டிச் என்னும் ஆங்கில ஊரிலிருந்து வந்த உறுப்புகளைக் கோத்துத்தான் வண்டி செய்தார்கள். பிறகு எல்லா உறுப்புகளும் இங்கேயே வார்க்கப்பட்டன. 1970-ஐ ஒட்டி ரெட்டிச்சின் தாய் நிறுவனம் மூடிப்போயிற்று. திருவொற்றியூரில் இருந்த மகள் பிழைத்துக்கொண்டாள். 1977 முதல் இங்கிலாந்துக்கே வண்டி அனுப்பவும் செய்தாள். மாமாவுக்கு இந்தக் கதையில் பெருமை அதிகம். வண்டியைக் கொடுக்கும்போது சாவியோடு கதையையும் கொடுத்தார்.

அப்படிப்பட்ட வண்டியின் மட்கார்டை முதலில் வளைத்தவன் நானல்லன். காசி நகரத்துக் காளை ஒன்று. அனுமான் கட்டத்துப் பக்கம் இட்டிலி உண்ணப் போனவன், சோனார்புராவுக்கு அருகே ஒரு சந்தில் வண்டியை நிறுத்தியிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் காளை தன் கழுத்தை ஹாண்டில்பாரில் ஆனந்தமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. விரட்டலாமா, வணங்கலாமா என்று நான் தயங்கிய நேரத்தில் வண்டி சுவரில் சாய்ந்து சரிந்தது. மட்கார்டின் முன்நுனி உள்ளே மடங்கி டயரைத் தொட்டது. யாரிடம் முறையிடுவது?

மிஸ்திரியிடம் தள்ளிக்கொண்டு போனேன். “பையா, இரண்டு நாளில் தட்டி நேராக்கித் தருகிறேன்” என்றார். (அவர் நாவில் ‘பையா’ என்றால் அண்ணன் என்று பொருள். வந்த புதிதில் நான் அதற்காகக் கோபித்துக்கொண்டது தனிக்கதை.) அதுவரைக்கும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிக்கொள்ளும்படி சொன்னார். விடுதிக்கு வந்தேன். வண்டியைச் சுற்றி நின்ற நண்பர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: “மச்சான், இனிமே மாட்டாதடா! இப்பத்தான் வண்டி வண்டியா இருக்கு.”

உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். அழகாகத்தான் இருந்தது. இரும்புத் தகட்டின் கீழ் ஒளிந்திருந்த 19 அங்குலச் சக்கரம் முழுவட்டமாகக் கண்ணுக்குத் தெரிந்தது. ஆரைக் கம்பிகள் மாலை வெயிலில் மின்னின. தலைவிளக்குக்கும் டயருக்கும் இடையில் ஒரு வெற்றிடம் பிறந்து, கனத்த வண்டி திடீரென்று மெலிந்து, பாயப்போவதுபோல் நின்றது. மட்கார்டைக் கழற்றினால் அழகு கெடும் என்று வாதிப்போர் கண்ணை மூடிக்கொண்டு வாதிக்கின்றனர் என்றே நான் சொல்வேன். அந்த வாதத்தை வைத்துக்கொண்டு இளைஞன் எவனையும் திருத்த முடியாது.

தோற்றத்தை மாற்றிக்கொள்ளும் ஆசை இழிவான ஆசையும் அன்று. இந்தக் காசிக்கு வந்து உருவை மாற்றிக்கொண்ட முதல் தமிழ் மாணவர் நாமல்லர். 1898-ஐ ஒட்டி எட்டயபுரத்திலிருந்து வந்து அனுமான் கட்டத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த ஓர் இளைஞர், குடுமியை எடுத்தார், மீசை வளர்த்தார், தலைப்பாகை கட்டினார். ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த மீசையும் தலைப்பாகையும் இல்லாத பாரதியாரை இன்று நம்மால் கற்பனை செய்யவும் இயலாது. எங்கள் ஊர் எட்டயபுரத்துக்கு அருகிலுள்ளது என்பதால் இந்த எடுத்துக்காட்டை நண்பர்களிடம் நானே பெருமையோடு எடுத்து வீசினேன். மீசையால் பின்னால் இருப்பவன் மீது சேறு தெறிக்காது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்த மட்கார்டு இல்லாத கோலம் எங்கிருந்து வந்தது என்பதையும் தேடிப் பார்த்தேன். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்க இளைஞர்கள் கனத்த ஹார்லி டேவிட்சன் வண்டிகளை வாங்கி, எடை குறைந்து வேகம் கூடவேண்டும் என்று முன் மட்கார்டைக் கழற்றினார்கள், பின் மட்கார்டை வெட்டிக் குறுக்கினார்கள். வேகத்துக்காகச் செய்தது நாளடைவில் கோலமாயிற்று. 1969-இல் வந்த ‘ஈஸி ரைடர்’ படம் அந்தக் கோலத்தை உலகமெங்கும் கொண்டு சென்றது. பீட்டர் ஃபோண்டா ஓட்டும் அந்த வண்டியை நம் விடுதியில் மூன்று அறைகளின் சுவரிலாவது காணலாம். நீண்டு சாய்ந்த ஃபோர்க். முன் மட்கார்டு இல்லை. படத்தை உற்றுப் பாருங்கள்: முன் பிரேக்கும் இல்லை! அதையும் கழற்றுவோம் என்று நம்மவர் எவரும் இதுவரை சொல்லவில்லை. சொல்லிவிடப் போகிறார்களே என்ற அச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர்கள் ஓட்டிச் சென்ற வழியில் பெரும்பகுதி மழையறியாத பாலைநிலம். நாமோ கங்கைக்கரையில் இருக்கிறோம். ஜூன் இறுதியில் தொடங்கும் மழை செப்டம்பர் முடியும்வரை ஓய்வதில்லை.

ஜூன் வந்தது. அதுவரை எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. மட்கார்டு என் கட்டிலுக்கடியில் பழைய செய்தித்தாள் போர்த்திக் கிடந்தது.

ஜூலையில் ஒருநாள் மாலை. முதலாண்டு எம்.ஏ. படிக்கும் தம்பி ஒருவன், திண்டுக்கல் பக்கத்தவன், அறைக்கு வந்தான். அவன் தாயார் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து முதன்முறையாகக் காசிக்கு வருகிறார். கண்டோன்மென்ட் நிலையத்தில் இரவு ரயில். “அண்ணா, போகும்போது மட்டும் உங்க வண்டில விட்டுடுங்க. வரும்போது அம்மாவோட ஆட்டோல வந்துடுறேன்” என்றான். புறப்பட்டோம். லங்கா, துர்காகுண்டம் வரை தூறல். பேலுபுரத்தை நெருங்கும்போது சாலையின் ஒரு பக்கம் முழுவதும் நீர் நின்றது. ஆழம் தெரியவில்லை. முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகம் இருக்கும். சக்கரம் நீருக்குள் இறங்கியது. அவ்வளவுதான். எனக்கு முன்னே ஒரு பழுப்புத் திரை எழுந்தது. தலைவிளக்கின் ஒளி அதற்குள் மறைந்தது. அடுத்த கணம் அந்தத் திரை அப்படியே என் முகத்தில் விழுந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடி மழையில் மங்குகிறதென்று மேலே தூக்கிவிட்டிருந்தேன். இரு கண்ணிலும் மண். ஒன்றும் தெரியாமல் பிரேக்கைப் பிடித்தேன். நீருக்குள் கிடந்த குழியில் முன் சக்கரம் திரும்பிக்கொண்டது. விழுந்தோம்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. தம்பி வலக்கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தப் பருவத்தின் இடைத்தேர்வுகளை அவன் எழுத முடியவில்லை.

அவனை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு ஆட்டோ பிடித்து நிலையத்துக்கு ஓடினேன். ரயில் வந்து ஒருமணி நேரம் ஆகியிருந்தது. கூட வந்தவர்கள் சத்திரத்துக்குப் போய்விட்டனர். ஒரு டிரங்குப் பெட்டியின்மேல் அந்த அம்மா மட்டும் அமர்ந்திருந்தார். தலைமுதல் கால்வரை சேறு பூசிய ஒருவன் தமிழில் பேசியதும் எழுந்தார். மகனுக்கு அடி என்று எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, “ஒனக்கு எங்கயும் அடி படலையே, கண்ணு?” என்றார். காசிக்கு வந்த ஐந்து நாளில் அவர் விசுவநாதரைக் கண்டது ஒரே ஒருநாள். மற்ற நாளெல்லாம் மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதிலேயே கழிந்தது.

மூன்றாம் நாள் விடுதிக்கு வந்தார். மரத்தடியில் என் வண்டி நின்றது. நம் விடுதியில் பெரிய வண்டி ஞானம் பேசுவோர் பலர் உண்டு. அந்த அம்மா மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் அல்லர். ஆயினும் ஒரே பார்வையில், “முன்னாடி எதையோ காணோமே, தம்பி?” என்றார். நான், “கழன்று போச்சும்மா” என்றேன்.

கழன்றது தன்வினை, கழற்றினேன் என்பது பிறவினை. எட்டாம் வகுப்பில் தமிழாசிரியர் இந்த வேறுபாட்டைப் பத்து முறை எழுதச் சொன்னார். எழுதினேன். ஆனால் அந்த வேறுபாட்டுக்குள் ஒருவன் ஒளிந்துகொள்ள முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இம்மலரில் ஒரு படியைத் தம்பி ஊருக்கு அனுப்புவான். அவர் படிக்கட்டும். அது கழலவில்லை, அம்மா. அழகாக இருக்கிறதென்று நான்தான் கழற்றி வைத்திருந்தேன்.

விபத்துக்கு மட்கார்டு ஒன்றே காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆழம் தெரியாத நீரில் அந்த வேகம் தவறு. கண்ணாடியை உயர்த்தியது தவறு. குழி இருந்தது. ஆனால் என் கண்ணை மறைத்தது எது என்ற கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. இரசாயனம் படிக்கும் எனக்கு அது விளங்காமல், பௌதிகம் படிக்கும் அறைத் தோழரைக் கேட்டேன். அவர் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அதை உங்களுக்கும் சொல்லவேண்டும். ஏனெனில் முன் மட்கார்டு எதைத் தடுக்கிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் தவறாகவே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஓடும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அக்கணத்தில் தரையைப் பொறுத்து அசையாமல் நிற்கிறது. உச்சியிலுள்ள புள்ளியோ வண்டியைப்போல் இருமடங்கு வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. டயர் பற்றிய நீர் வட்டத்தின் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டு போகும். கீழ்ப்புறம் பின்னோக்கிப் பிரிவது எஞ்சின்மீதும் நம் காலிலும் அடிக்கும். பின்புறத்தில் பிரிவது நேர் மேலே எழும்பும். உச்சிக்கருகே பிரிவதுதான் வஞ்சகமானது. அது வண்டியை முந்திக்கொண்டு முன்னே பறக்கும். காற்று அதைத் தடுத்து நிறுத்தும். நாம் அதே வேகத்தில் போய் அதற்குள் முகத்தைக் கொடுப்போம். என் முன்னே எழுந்த திரை இதுதான். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சிறு கல்லை நேர் மேலே எறிந்தால், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிடில், 6 மீட்டர் உயரும். அதாவது நம் விடுதியின் முதல் மாடியைத் தாண்டும். டயர் வாரி எறிவது நீரை மட்டுமா? காசியின் தெருக்களில் என்னென்ன கிடக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மழையில்லாத நாளில்கூட என் வெள்ளைச் சட்டையில் வெற்றிலைச் சிவப்பு ஏறிய மர்மம் அன்றுதான் துலங்கிற்று.

மற்றொன்றை மிஸ்திரி காட்டினார். முறிந்தது தம்பியின் கை மட்டுமா என்று பார்க்க வண்டியைக் கொண்டுபோயிருந்தேன். ஃபோர்க்கின் இரு கால்களையும் கையால் பிடித்து முன்னும் பின்னுமாக முறுக்கினார். கீழ்ப்பகுதிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று சற்றே விலகி அசைந்தன. “இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை இரண்டே, பையா. கீழே அச்சு, மேலே மட்கார்டின் பாலம். ஒன்றை நீ எடுத்துவிட்டாய்” என்றார். புல்லட் போன்ற வண்டிகளில் மட்கார்டைத் தாங்கும் இரும்புப் பட்டை வெறும் தாங்கி அன்று. இரு கால்களையும் ஒருங்கே நடக்கவைக்கும் கட்டு. அது இல்லாதபோது குழியில் ஒரு கால் ஒருவிதமாகவும் மற்றது வேறுவிதமாகவும் அசையும். பிரேக் பிடிக்கும்போது முறுக்கு இன்னும் மிகும். புதுவகை வண்டிகள் பலவற்றில் பிளாஸ்டிக் மட்கார்டு இவ்வேலையைச் செய்வதில்லை. அங்கு இந்த அச்சம் குறைவு. அது வேறு. ஆனால் மரத்தடியில் மட்கார்டின்றி நிற்கும் நான்கில் மூன்று புல்லட். அன்றியும் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் மண் அடித்து அடித்து, ஆயில் சீல் தேய்ந்து, என் வண்டியில் வலப்பக்கம் எண்ணெய் கசியத் தொடங்கியிருந்தது. நாலு மாதத்தில்!

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். இரண்டு மட்டுமே வலுவானவை.

ஒன்று, என் தந்தையின் பெயரால் வந்தது. எங்கள் ஊர் கரிசல் பூமி. ஐப்பசி மழையில் கரிசலில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். அது சேறு அன்று, பசை. டயரோடு ஒட்டிச் சுழன்று மட்கார்டுக்குள் அப்பி, அரை மைலுக்குள் சக்கரத்தை இறுக்கி நிறுத்திவிடும். குச்சியால் குத்தி எடுத்துவிட்டு மறுபடி அரை மைல். அதனால் என் தந்தை மழை தொடங்கியதும் தம் டி.வி.எஸ். 50-இன் முன் மட்கார்டைக் கழற்றி மாட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டிவிடுவார். ஊரில் பலரும் சைக்கிளுக்குக்கூட அப்படிச் செய்வதுண்டு. இதை ஒருமுறை நண்பர்களிடம் சொல்லித் தொலைத்தேன். “அப்பாவே கழற்றுறார், மகன் கழற்றினா என்ன?” என்று பிடித்துக்கொண்டார்கள். அவர் கழற்றுவது காட்டுக்குப் போக. போகும் வேகம் நடையின் வேகம். தை பிறந்ததும் திரும்ப மாட்டிவிடுவார். கோவில்பட்டிக்குத் தார்ச்சாலையில் போகவேண்டிய நாளில் பேருந்தில்தான் போவார். கங்கையின் வண்டலோ கரிசல்போல் ஒட்டுவதில்லை. நீரில் கரைந்து மாவாகத் தெறிக்கும். சக்கரத்தை அது நிறுத்தாது, கண்ணைத்தான் நிறுத்தும். ஆகையால் அங்கு சரியான செயல் இங்கு சரியாகாது. ஒட்டும் சேற்றின் தொல்லையை வண்டி செய்வோரும் அறியாதவரல்லர். 2016-இல் வந்த ஹிமாலயன் வண்டியைப் பாருங்கள். மேலே அலகுபோல் உயர்ந்த ஒன்று, டயரை ஒட்டிச் சிறிதாக மற்றொன்று என இரண்டு மட்கார்டு வைத்தார்கள்.

இரண்டாவது வாதம் நம் மன்றத்துத் தோழர் ஒருவர் எழுப்பியது. “என் வண்டி, என் முகம், என் சேறு. உனக்கென்ன?” தனிமனித உரிமையில் எனக்கும் பற்றுண்டு. வண்டியில் அவர் ஒருவரே போவதாயிருந்தால், சாலையிலும் அவர் ஒருவரே இருப்பதாயிருந்தால், நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் நம் விடுதியில் எந்த வண்டி தனியே போகிறது? லங்காவுக்குத் தேநீர் குடிக்கப் போனாலும் பின்னால் ஒருவர், சில வேளை இருவர். பின்னால் ஏறுபவன் முன் சக்கரத்தைச் சுற்றிவந்து ஆராய்ந்துவிட்டா ஏறுகிறான்? “அண்ணா” என்று சொல்லி ஏறுகிறான். அழகைத் தேர்ந்தவன் நான். மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவன் தம்பி. பின்னிருக்கைக்காரரைப் பற்றிச் சட்டம்கூட ஓரளவு எண்ணிப் பார்த்திருக்கிறது. பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதிருக்க, பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி கூறுகிறது. சாரி கார்டு என்று நாம் கேலியாகச் சொல்வது அதைத்தான். பக்கத்தில் மிதித்துக்கொண்டு வரும் ரிக்‌ஷாக்காரர் இருக்கிறார். அன்று பேலுபுரத்தில் என் சேற்றில் பாதி அவர்மீதும் விழுந்தது. எங்களைத் தூக்கி உட்காரவைத்தவரும் அவரே.

சட்டம் என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்திற்று. அதே ஆண்டில் சேர்த்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மட்கார்டைக் கழற்றுவது அதில் அடங்குமா என்று வழக்காட இடமுண்டு. ஆனால் வழக்காட வேண்டிய இடம் சாலையோரம். வழக்காட வேண்டிய மொழி இந்தி. வண்டியின் எண்பலகையிலோ ‘டிஎன்’ என்று எழுதியிருக்கிறது. துணிந்தவர் முயலலாம். காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்கும் நாளும் ஒன்று வரலாம்.

அப்படியானால் தொழிற்சாலை கொடுத்த அகன்ற தகட்டையே ஆயுள் முழுவதும் சுமக்கவேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. இதில் நான் பழமைவாதியல்லன். லண்டனில் 1950-களிலும் 60-களிலும் தேநீர்க் கடைக்குக் கடை வண்டி விரட்டிய இளைஞர்களைப் பாருங்கள். அவர்களும் அழகுப் பித்தர்களே. ஆனால் மழை பெய்யும் ஊர் ஆகையால், கனத்த இரும்பு மட்கார்டை எடுத்துவிட்டு மெல்லிய அலுமினிய மட்கார்டைப் போட்டுக்கொண்டார்கள். குறுகிய மட்கார்டு இங்கே கோதௌலியாப் பக்கத்துக் கடைகளிலும் கிடைக்கிறது. வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். சக்கரத்தின் பின்புறம் அச்சின் உயரத்துக்காவது இறங்கியிருக்க வேண்டும். உச்சிக்கு முன்னேயும் ஒரு சாண் நீண்டிருக்க வேண்டும். ஃபோர்க்கின் இரு கால்களையும் கட்டும் பாலம் இரும்பாக இருக்கவேண்டும். பாலமில்லாமல் ஒரே பக்கத்தில் தொங்கும் வகை நம் வண்டிக்கு ஆகாது. அகலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறத்தை மாற்றுங்கள், கருப்பு அடியுங்கள், உங்கள் விருப்பம். பந்தயத் திடலில் மட்டும் ஓட்டும் வண்டி ஒன்று உங்களிடம் இருக்குமானால் எல்லாவற்றையும் கழற்றிக்கொள்ளுங்கள். நம் விடுதியில் அப்படி ஒருவரும் இல்லை. மாதக் கடைசியில் பெட்ரோலுக்கே ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்குகிறோம்.

நான் புதியது வாங்கவில்லை. பழையதையே மிஸ்திரி தட்டிக் கொடுத்தார். நுனியில் காளையின் நெளிவு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு ஏறாதிருக்கச் செந்நிறப் பூச்சு அடித்திருக்கிறேன், அழகாக இல்லை. கட்டு அவிழ்த்தபின் தம்பி இரண்டு முறை என் பின்னால் ஏறினான். முதல்முறை ஏறுமுன் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது சொல்லவேண்டும்.

மரத்தடியில் நிற்கும் மற்ற நான்கு வண்டிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். உங்கள் மட்கார்டுகள் கட்டிலுக்கடியில் இருந்தால் துருப்பிடிக்குமுன் எடுத்துப் பாருங்கள். ஸ்டே கம்பியின் போல்ட்டுகள் தொலைந்துபோயிருக்கும், எனக்கும் தொலைந்துபோயின. லங்கா வாயிலுக்கு எதிரேயுள்ள வன்பொருள் கடையில் அளவு சொன்னால் கொடுப்பார்கள். ஸ்பானர் செட் என் அறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் நானும் உடன் இருந்து மாட்டித் தருகிறேன். தேநீர் உங்கள் செலவு.